வெண்கலனின் இடது கை

அச்சகத்தார் சங்க மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். கேட்கத்தான் செய்வார்கள். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன், அச்சகத்தில் கழிவுத் தாள் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தவன், இன்றைக்கு நாலு வண்ண மெஷின் மூன்று வைத்து ஓட்டுகிறான் என்றால் சும்மா வந்ததா? நீங்கள் கையில் பிடித்திருக்கிற இந்த மலரும் என் மெஷினில் ஓடியதுதான். தேய்த்துப் பாருங்கள், மசி விரலில் ஒட்டாது.

ஆனால் என் கதையை நானே எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். கல்யாண விருந்துகளில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தட்டோடு எழுந்து வேறு இடம் தேடுகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் என் சகலையைப் பற்றி எழுதுகிறேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஓவியர். மாதா மாதம் வருகிற ‘வெண்கலன்’ படக்கதையை இருபத்தாறு வருஷமாக வரைகிறவர். வெண்கலனை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை மீன் செதில் மாதிரி வெண்கலத் தகடு. இடது கையில் தோளிலிருந்து முழங்கை வரை அதே செதில். வலது கை வெறுங்கை. இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் விசிறி போல ஒரு தகடு. இந்த உடுப்பு எங்கேயிருந்து வந்தது என்பது கால் நூற்றாண்டாக இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவன் நான்.

அப்போது நான் முதலாளி இல்லை, இன்னொருவர் அச்சகத்தில் பிளேட் போடுகிறவன். அந்த வேலை எப்படி என்றால், ஒரு கண்ணாடி மேஜை, அடியில் விளக்கு. படத்தின் பிலிமை மேஜையில் பரப்பி, சரிபார்த்து, பிளேட்டின் மேல் வைத்து வெளிச்சம் காட்டவேண்டும். பிலிமில் கறுப்பாக இருப்பதெல்லாம் பிளேட்டில் விழும். பிளேட்டில் விழுந்தது தாளில் விழும். பிலிமின் அடியில் ஒரு தலைமுடி கிடந்தால் ஐயாயிரம் தாளிலும் அந்த முடி இருக்கும். அதனால்தான் நல்ல பிளேட்காரன் ஒவ்வொரு முறையும் பிலிமைத் தூக்கி அடியில் பார்ப்பான். நான் நல்ல பிளேட்காரன். அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை.

காலையில் டப்பா மீன் லேபிள் ஒன்று ஓடி முடிந்திருந்தது. அதில் மீனின் உடம்பு ஒரு துண்டுப் பிலிம். தலையும் கண்ணும் வேறு. வறண்ட வெயில் நாளில் பிலிமும் பிலிமும் புதுமணத் தம்பதி மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது கஷ்டம். மத்தியானம் வந்தது ஒரு புதுப் படக்கதையின் முதல் அட்டை. அட்டைப் பிலிமின் அடியில் அந்த மீன் உடம்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. மீனின் வயிறு வெண்கலனின் மார்பில் விழுந்தது. மேல் துடுப்பு இடது கைப் பக்கம் சரிந்தது. வால் இடுப்பில் வந்து நின்றது. முதல் தாள் வெளியே வந்ததும் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரோ புது ஓவியன், நுணுக்கமாகத்தான் வரைகிறான் என்று மெஷின்காரரிடம் பாராட்டிக்கூடச் சொன்னேன்.

மறுநாள் காலை அந்தப் புது ஓவியர் அட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் மூன்று பேனா. குரலை உயர்த்தவில்லை.

“என் ஆளுக்கு மீன் தோலை மாட்டிவிட்டது யாரு?”

அவர் வரைந்தது மொட்டை வெண்கலச் சட்டை. ஏழே கோடு. மாதத்துக்கு நூற்றைம்பது தடவை வரையவேண்டிய ஆள் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய உடுப்பாக யோசித்து வைத்திருந்தார். நான் அவரைத் தாள் கட்டுகளின் பின்னால் அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் மனைவி ஆறு மாதம். ஐயாயிரம் அட்டை பாழ் என்று தெரிந்தால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதைச் சொன்னேன். அழுதேன் என்று அவர் சொல்வார். கண்ணில் மசி பட்டது என்று நான் சொல்வேன்.

அவர் நேராகப் படக்கதைப் பதிப்பாளரிடம் போனார். நான் வாசலில் நின்றேன். வெளியே வந்து, செதிலைத் தானே கடைசி நேரத்தில் சேர்த்ததாகச் சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் எடுத்துவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றார். முன்பின் தெரியாத ஒருவனுக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

அடுத்த மாதம் எடுக்க முடியவில்லை. கடிதம் மூட்டையாக வந்தது. செதில் அபாரம் என்று எழுதினார்கள். இடது கையில் மட்டும் ஏன் என்று கேட்டு ஆளுக்கொரு காரணமும் சொல்லியிருந்தார்கள். சின்ன வயதில் தீக்காயம் என்றார் ஒருவர். அது கையே இல்லை, முழுக்க உலோகம் என்றார் இன்னொருவர். பதிப்பாளர் தீக்காயத்தை எடுத்துக் கதையில் சேர்த்துவிட்டார். இடுப்பில் இருந்த மீன் வால் எதிரிமேல் எறிகிற விசிறிச் சக்கரம் ஆனது. ஏழு கோடு இருநூற்றுப் பதினாலு செதில் ஆனது.

அந்தச் சிநேகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோக இருந்தவர் என் கொழுந்தியாளைப் பார்த்தார், பேசி முடித்தோம். வாழ்க்கையில் நான் அவருக்குச் செய்த ஒரே நல்லது அது. அதையும் கொழுந்தியாள்தான் செய்தாள் என்பார்.

அவர் வரைகிற அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்றாம் மாடி வீடு. பதிப்பகத்தின் வீடு, வரைந்துகொண்டிருக்கும் வரை குடியிருக்கலாம். அடுக்களையை ஒட்டிச் சாமான் வைக்கக் கட்டிய அறைதான் அவர் வேலை அறை. சுவரோடு அடித்த பலகை, ஒரு நாற்காலி. அவர் உட்கார்ந்துவிட்டால் கதவு திறக்காது. நாற்காலியை உள்ளே தள்ளினால்தான் கதவு வரும். ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அந்தச் சுவரின் பூச்சு செதில் செதிலாக உரிந்திருக்கும். ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். கொழுந்தியாள் கதவின் இந்தப் பக்கம் நின்று டம்ளரை இடுக்கு வழியாக நீட்டுவாள். கல்யாணமான மூன்றாம் வருஷமே வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டாள். சமைத்து வைத்தால் சாப்பிடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

தப்பிக்க அவர் செய்யாத வித்தை இல்லை. ஒரு வருஷம் கதையில் மூன்று மாதம் மழை பெய்தது, வெண்கலன் மழைக்கோட்டோடு திரிந்தான். ஒரு தடவை பதினோரு பக்கம் கழுத்தளவு சேற்றில் நின்று சண்டை போட்டான். புகை, இருட்டு, தூண் மறைவு எல்லாம் வந்தது. வாசகர்கள் விடவில்லை, செதில் எங்கே என்று எழுதினார்கள். பதிப்பாளர் பக்கங்களைத் திருப்பி அனுப்பினார். வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனார். பாடப் புத்தகம் போடுகிறவர்கள் அவர் கொண்டுபோன யானையையும் ஆலமரத்தையும் பார்க்கவேயில்லை. நீங்கள் செதில்காரர் அல்லவா என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். ஆப்பைப் பிடுங்கப்போய் வால் மாட்டிய குரங்கு என்பார்கள். ஆப்பைப் பிடுங்கினது நான், மாட்டிக்கொண்டது அவர்.

நானோ அதற்குள் சொந்த மெஷின் போட்டேன், இரண்டாவது போட்டேன், மூன்றாவதும் வந்தது. வெண்கலனே என் அச்சகத்துக்கு வந்துவிட்டான். குடும்பம் கூடினால் என் வாய் சும்மா இருக்காது. “யானைக்கும் அடி சறுக்கும், எனக்குச் சறுக்காது. என் கையில ஒரு தாள் தப்பாப் போனதில்ல” என்பேன். சகலை எதிரே உட்கார்ந்திருப்பார். முன்னெல்லாம் சிரிப்பார். பின்னால் சிரிப்பதில்லை. மேஜைமேல் அவருடைய கட்டைவிரல் மட்டும் அரை வட்டம் அரை வட்டமாகப் போட்டுக்கொண்டிருக்கும். அது அவருக்கே தெரியாது.

ஐம்பத்திரண்டு வயதில் அந்தக் கட்டைவிரல் மடங்கினபடி நின்றுவிட்டது. மற்றக் கையால் பிடித்து நிமிர்த்தவேண்டும், டக்கென்று சத்தம் வரும். மருத்துவர் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது என்றார். அப்படி என்ன வேலை என்று கேட்டாராம். சகலை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு வரிசை போட்டுக் காட்டினாராம். அட, வெண்கலனா என்று அந்த மருத்துவர் சீட்டை மடித்துப் பத்திரமாகத் தன் பையில் வைத்துக்கொண்டு, வேறு சீட்டில் எழுதிக் கொடுத்தாராம்.

போன வருஷம் வெண்கலனுக்கு இருபத்தைந்து வயது. பதிப்பாளர் உடுப்பை மாற்றலாம் என்று முடிவு செய்தார். வெளியிலிருந்து ஐந்து ஓவியர்கள், ஆறாவதாகச் சகலை. எல்லாரும் ஆளுக்கொரு புது உடுப்பு வரையவேண்டும், நல்லதை எடுத்துக்கொள்வார்கள். யாருடையதை எடுத்தாலும் மாதா மாதம் வரையப்போவது சகலைதான். ஒரே ஒரு நிபந்தனை: முதல் அட்டைக்கு ஓவியர் வரைந்து கொடுத்ததில் எதையும் எடுக்கக் கூடாது, சேர்க்கலாம்; பின்னால் சேர்ந்ததை எல்லாம் தூக்கலாம்.

அந்த நிபந்தனையைப் படித்த அன்று சாயங்காலமே சகலை என் அச்சகத்துக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. செதில் ஓவியர் வரைந்ததில்லையே, பின்னால் சேர்ந்ததுதானே, அப்படியானால் தூக்கலாமே என்றார். ஆனால் தான் சொன்னால் யார் நம்புவார்கள்? தானே சேர்த்ததாக அன்றைக்குச் சொன்னவர். அசல் ஓவியமோ பதிப்பகம் ஆபீஸ் மாறினபோது தொலைந்துவிட்டது.

“அந்தப் பிலிம் உங்ககிட்ட இருக்குமா சகலை?”

இல்லாமல் இருக்குமா? வேறு எவன் வைத்திருப்பான், நான் வைத்திருப்பேன். பழைய அச்சகம் மூடினபோது எடைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்து, இரும்புப் பெட்டியில் உறை போட்டு, உறைமேல் தேதி எழுதி வைத்திருந்தேன். அட்டைப் பிலிம் ஒன்று, மீன் ஒன்று. எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துத் தன் ஏழு கோட்டைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். நீங்கள் வந்து நடந்ததைச் சொன்னால் போதும், அது கைதவறி நடந்தது என்று ஒரு வார்த்தை என்றார். சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பதிப்பகத்தின் கூடத்தில் ஆறு படமும் பலகையில் குத்தியிருந்தது. ஒருவர் வெண்கலனுக்கு இடையில் வந்த முகமூடியைக் கழற்றியிருந்தார். ஒருவர் தலை முதல் கால் வரை கறுப்பாக்கியிருந்தார். பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண், வயது முப்பது இருக்கும், அழகாகத்தான் வரைந்திருந்தாள். ஐவர் படத்திலும் செதில் இருந்தது. நிபந்தனை அப்படித்தானே. ஆறாவது படத்தின் முன்னால் பதிப்பாளர் நின்றார். ஏழு கோடு.

“என்னங்க, குளிச்சிட்டு இப்பதான் வந்த மாதிரி நிக்கிறான்?”

சிரித்தார்கள். சகலையும் கூடச் சிரித்துவிட்டு நடந்ததைச் சொன்னார், பிறகு என் பக்கம் திரும்பினார். நான் உறையைப் பிரித்தேன். அட்டைப் பிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்; வெளி வெயிலில் மொட்டைச் சட்டைக்காரன் தெளிவாக நின்றான். மீனை எடுத்து மேலே வைத்தேன். மார்பில் செதில் வந்தது, கையில் வந்தது, வால் இடுப்பில் நின்றது. எடுத்தேன், போய்விட்டது. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

பதிப்பாளர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“அப்ப இது உங்க கையால நடந்த தப்பா?”

ஆமா என்று சொல்லவேண்டும். இரண்டெழுத்து. அதற்குத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த ஐந்து பேரில் இருவர் என் மெஷினைத் தேடி வந்து புத்தகம் போட்டவர்கள். வாசலில் பதிப்பக மேனேஜர் நிற்கிறார், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிற ஆள். நாலாம் வகுப்புக்காரன் என்பதை ஒரு தாள் தப்பாகப் போகாததால்தான் எல்லாரும் மறந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் யோசித்தேனா என்றால், இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“தப்பா? என் கையில தப்பு வருமா? சட்டை மொட்டையா இருந்துச்சு. வேணும்னுதான் வச்சேன்.”

பதிப்பாளர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஓவியரும் அச்சுக்காரரும் சேர்ந்து படைத்த உடுப்பு, இதை வெள்ளி விழா இதழில் போடாமல் வேறு எதைப் போடுவது என்று மேனேஜரை அழைத்து எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். சகலை பலகைக்குப் போய், குத்தியிருந்த நாலு ஊசியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டார். படத்தைச் சுருட்டி ரப்பர் மாட்டினார்.

படியில் முதல் மாடி வரை இறங்கினோம். அங்கே நின்று மடங்கின விரலை நிமிர்த்தினார்.

“அன்னைக்கு நான் பொய் சொன்னேன் சகலை, உங்க வேலை போயிடக் கூடாதுன்னு. இன்னைக்கு நீங்க எதுக்காகச் சொன்னீங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரே பதில் வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டிவிட்டு இறங்கிப்போனார்.

அந்தப் பெண்ணின் உடுப்பைத்தான் எடுத்தார்கள். ஒரு கையில் மட்டும் இருந்தால் ஏன் ஏன் என்று கேட்கிறார்களே என்று அவள் இரண்டு கைக்கும் செதில் போட்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் இறக்கியிருந்தாள். தெரிந்து செய்யவில்லை, அன்றைக்கு வாசலில் சகலையின் விரலைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து நின்றாள். இப்போது ஒரு உருவத்துக்கு ஐந்நூற்று முப்பது செதில்.

வெள்ளி விழா இதழில் என் படம் அரைப் பக்கம் வந்தது, ‘வெண்கலனுக்கு உடுப்புத் தந்தவர்’ என்று. என் மனைவி சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அவள் தங்கை வந்து உள்ளே கூப்பிட்டு ஏதோ பேசினாள். அவள் போனபின் என் மனைவி படத்தைச் சுவர்ப் பக்கம் முகம் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டாள். கழற்றவில்லை. வருகிறவர்கள் கேட்டால் பதில் நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

ஒரு மாதம் பொறுத்து ஞாயிற்றுக்கிழமை காலை நான் மூன்றாம் மாடி ஏறினேன். செதில் போட எனக்கும் வரும், பிளேட்டில் கீறல் திருத்தின கை என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொழுந்தியாள் அடுக்களை மேடையைத் துடைத்து ஒரு பலகை வைத்தாள். முதல் மூன்று வாரம் நான் போட்டதை எல்லாம் பிளேடால் சுரண்டி எடுத்தார். நாலாவது வாரம் முழங்காலை மட்டும் என்னிடம் விட்டார், அங்கே யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்று. அரை நாளில் என் விரல் வீங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஞாயிறு என்பது எவ்வளவு சின்னது என்று அந்த விரல்தான் எனக்குச் சொன்னது.

இப்போது மலருக்காக இதை எழுதினேன். செதில் என் கைத்தவறு. பிலிமைத் தூக்கி அடியில் பார்க்கவில்லை. வேண்டுமென்று வைத்தேன் என்று சொன்னது பொய். பதிப்பாளர் நம் சங்கத்தின் மலர் வாங்குகிறவர்தான், படிப்பார்.

எழுதின தாள்களைப் போன ஞாயிறு சகலையிடம் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். நான் அடுக்களையில் நின்றேன். பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது, நடுவில் இரண்டு தடவை டக்கென்று விரல் சத்தம். கடைசியில் கதவுக்குள்ளிருந்தே கேட்டார்.

“இதைப் படிச்சா உடுப்பு மாறும்னு நினைக்கிறீங்களா?”

மாறும் என்றேன். அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

“மாறாது சகலை. பொம்மை வரைக்கும் செஞ்சாச்சு.” மறுபடி தாள் புரட்டுகிற சத்தம். “இருந்தாலும் அச்சடிங்க. ஆறாம் பக்கத்துல மேல் துடுப்புன்னு எழுதியிருக்கீங்க. அது கீழ்த் துடுப்பு. மீனைத் திருப்பிப் போட்டிருந்தீங்க.”

நாற்காலி உள்ளே தள்ளுகிற சத்தம் கேட்டது. கதவு கையகலம் திறந்தது. தாள்களை வெளியே நீட்டினார், அதோடு மையில் தோய்த்த பேனாவையும்.

“வலது முழங்கால் பாக்கி இருக்கு. மேலேருந்து கீழே வாங்க.”

துடுப்பை நான் திருத்தவில்லை. மேல் துடுப்பு என்றே இருக்கட்டும், என் தப்பு ஒன்றாவது என் பேரிலேயே அச்சாகட்டும் என்றேன். அவர் அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.